தீயணைப்பு வேலையே புற்றுநோய்க் காரணியா? விருதுநகர் மாவட்டத்துக்கு இந்த ஆய்வுகள் ஏன் முக்கியம்?

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில், பாலவனத்தம் பக்கம் தீயணைப்பு வண்டியின் சைரன் கேட்டால், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புது? பட்டாசு ஆலையா, பஞ்சு குடோனா, இல்லை கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் பற்றிக்கொண்டதா? இதுதான் அடுத்த கேள்வி. அந்த வண்டியில் போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் உடனே தோன்றுவதில்லை. "தீயணைப்பு வீரர்கள் போராடி தீயை அணைத்தனர்" என்ற ஒரே வரியோடு செய்தியும் முடிந்துவிடும்.

ஆனால் அந்த வரிக்குப் பிறகு தொடங்கும் ஒரு கதையைத்தான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். தீ அணைந்துவிடும். தீயணைப்பு வீரரின் தோலிலும் நுரையீரலிலும் ஒட்டியது அவரோடு வீட்டுக்குப் போகும். அது நோயாக வெளியே வர 20, 30 வருஷம் கூட ஆகலாம்.

2022-ல் என்ன நடந்தது?

உலக சுகாதார அமைப்பின் கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்குவது சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. எந்தப் பொருள், எந்தத் தொழில் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஆதாரங்களைச் சலித்து வகைப்படுத்துவது இதன் வேலை. 2022 ஜூனில் 8 நாடுகளைச் சேர்ந்த 25 விஞ்ஞானிகள் அங்கே கூடினார்கள். முடிவு: தீயணைப்பு வீரராக வேலை பார்ப்பதே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, அதாவது 'குரூப் 1'. புகையிலை, கல்நார், டீசல் புகை எல்லாம் இருக்கும் அதே பட்டியல். அதற்கு முன்பு இதே தொழில் 'உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்' என்ற 2பி பிரிவில்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். குரூப் 1 என்றால் சிகரெட் அளவுக்கு ஆபத்து என்று அர்த்தம் இல்லை. ஆதாரம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பிரிவு காட்டுகிறது. ஆபத்து எத்தனை மடங்கு என்பதை அல்ல. 'சந்தேகமாக இருந்தது, இப்போது சந்தேகம் இல்லை' என்பதுதான் அதன் பொருள்.

எந்தெந்த புற்றுநோய்? இரண்டுக்கு ஆதாரம் உறுதி. ஒன்று, நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா. இன்னொன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோய். ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில், மற்றவர்களைவிடத் தீயணைப்பு வீரர்களுக்கு முதலாவது 58 சதவீதமும் இரண்டாவது 16 சதவீதமும் அதிகம். பெருங்குடல், புராஸ்டேட், விரை, மெலனோமா எனும் தோல் புற்றுநோய், ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் ஆதாரம் அந்த அளவுக்கு வலுவில்லை.

கண்ணுக்குத் தெரிந்த மரணங்கள்

தமிழ்நாட்டில் தீயணைப்பு வீரரின் ஆபத்து என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு காட்சிகள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் உள்ள பழமையான கலச மஹால் எரிந்தபோது கட்டடம் இடிந்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். அப்போது கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் படுகாயம் அடைந்தார். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரி தீப்பிடித்தது. அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் பலி. 2020 நவம்பர் 14, தீபாவளி ராத்திரி. மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது பழைய கட்டடம் சரிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

இவை தலைப்புச் செய்திகள். பெயர் தெரியும், தேதி தெரியும், நிவாரணம் அறிவிப்பார்கள். ஓய்வு பெற்று பத்து வருஷம் கழித்து ஒருவர் சிறுநீரில் ரத்தம் போகிறது என்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால், அதை யாரும் தீயோடு சேர்த்து எழுத மாட்டார்கள். 'என்ன வேலை பார்த்தீங்க?' என்ற கேள்வியே பெரும்பாலும் வராது. சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்பதோடு சரி.

புகையில் அப்படி என்னதான் இருக்கிறது?

விறகு எரிந்த காலத்துப் புகையும் இன்றைய வீடு எரியும் புகையும் ஒன்று இல்லை. சோபா, மெத்தையில் இருக்கும் ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். பிவிசி குழாயும் வயரும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. இவற்றோடு கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வருவது கரி. அந்தக் கரியில்தான் 'பிஏஎச்' எனப்படும் புற்றுநோய் உண்டாக்கும் ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன.

கரிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு நேற்று கண்டுபிடித்தது இல்லை. லண்டனில் புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்த சிறுவர்களுக்கு, பெரியவர்களான பிறகு விரைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார். ஒரு தொழில் ஒரு புற்றுநோயைத் தருகிறது என்று உலகம் முதன்முதலில் அறிந்தது அப்போதுதான். அந்தச் சிறுவர்கள் கரியை மூக்கால் மட்டும் வாங்கவில்லை, தோலால் வாங்கினார்கள்.

தீயணைப்பு வீரர்கள் விஷயத்திலும் ஆய்வாளர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது தோல்தான். முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் சரியாகப் போட்டிருந்தவர்களின் சிறுநீரிலும், தீக்குள் போய் வந்த பிறகு பிஏஎச் கழிவுகள் கூடியிருந்தன. மூச்சு வழியாகப் போகவில்லை என்றால் எந்த வழி? கழுத்து. ஹெல்மெட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தோல் மெல்லிசாக, வியர்த்து, சூடாக இருக்கும் இடம் அது.

இன்னொரு நேரமும் ஆபத்தானது. பெரிய தீ அடங்கிய பிறகு, உள்ளே கனல் இருக்கிறதா என்று கிளறிப் பார்க்கும் வேலை. ஜுவாலை இல்லை, புகையும் குறைவு. 'முடிஞ்சு போச்சு' என்று மாஸ்க்கைக் கழற்றும் நேரம். ஆனால் வாயுக்கள் அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு சிலிண்டரில் உள்ள காற்று, கடுமையாக உழைக்கிறவருக்கு அரை மணி நேரத்தைச் சுற்றித்தான் தாங்கும். கிளறும் வேலையோ பல மணி நேரம் ஓடும். மே மாத வெயிலில் அதை மூஞ்சியில் மாட்டிக்கொண்டே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

கந்தக பூமியில் கூடுதலாக என்ன?

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென் கொரியா போன்ற நாடுகளின் வீரர்களை வைத்து நடந்தவை. அங்கே பெரும்பாலும் எரிவது வீடுகள். விருதுநகர் மாவட்டத்தில் கதை வேறு.

பட்டாசு மருந்தில் கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட், அலுமினியப் பவுடர், கரி இருக்கும். நிறத்துக்கும் ஒளிக்கும் பேரியம் நைட்ரேட் போன்ற உப்புகள் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பேரியம் உப்புக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்கு முந்தைய வருஷமே ஈயம், ஆர்செனிக், பாதரசம், ஆன்டிமனி, லித்தியம் ஐந்துக்கும் தடை. தடை உள்ள மருந்து ஒரு ஷெட்டில் இருக்கிறதா இல்லையா என்பது எரியும்போது வீரருக்குத் தெரியாது. கந்தகம் எரிந்து வரும் சல்ஃபர் டை ஆக்சைடு, மூக்கு தொண்டையில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி எரிக்கும். கரையக்கூடிய பேரியம் உடம்புக்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்; தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

தண்ணீரும் இங்கே எப்போதும் நண்பன் இல்லை. எரியும் அலுமினியப் பவுடரில் தண்ணீர் அடித்தால் ஹைட்ரஜன் கிளம்பி, தீ இன்னும் வெடிக்கும். காய்ந்த மணல்தான் அதற்கு மருந்து.

2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 40 பேர் வரை இறந்தார்கள். அதில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவப் போனவர்கள், பார்க்கப் போனவர்கள். அதன் பிறகு நடந்த பெரிய வெடிப்புதான் அவர்களைக் கொண்டுபோனது. தீயணைப்பு வீரரோ இப்படிப்பட்ட இடத்துக்குப் போயே ஆக வேண்டியவர்.

அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இன்னும் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2024 மே 1-ம் தேதி காரியாபட்டி அருகே ஆவியூரில் கல்குவாரி வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 தொழிலாளர்கள் உடல் சிதறி இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் புழுதிக்குள் போய் வேலை பார்ப்பவர் சுவாசிப்பது வெடிமருந்து எச்சத்தை மட்டும் இல்லை, கல் தூளையும்தான். அந்தத் தூளில் உள்ள சிலிக்காவும் குரூப் 1 பட்டியலில் இருக்கிறது.

அப்புறம் பஞ்சு. நூற்பாலையும் கைத்தறியும் உள்ள அருப்புக்கோட்டைக்குப் பஞ்சு குடோன் தீ புதுசு இல்லை. பஞ்சு பேல் வெளியே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பேலாகப் பிரித்து நனைக்க வேண்டும். ஆக, மாஸ்க்கைக் கழற்றும் அந்த நேரம் பஞ்சுத் தீயில்தான் மிக நீளம்.

பஞ்சும் வெடிமருந்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியத் தீயணைப்புத் துறையே வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறது. 1944 ஏப்ரல் 14. பம்பாய் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் பஞ்சு பேல்களும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தன. தீயை அணைக்கப் போராடியபோது கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுவது இதனால்தான்.

இந்த ஊர்களில் பலர் யோசிக்காத ஒன்று, தலைக்கு மேலே இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மாட்டுக்கொட்டகை, டீக்கடை, குடோன், பழைய பள்ளிக்கூடம் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். தீயில் சூடானால் அந்த ஷீட் பட்பட்டென்று வெடித்துச் சிதறும். தீப்பிடித்த குடிசைப் பகுதிகளில் கேட்கும் வெடிச் சத்தம் எல்லாமே சிலிண்டர் இல்லை. சிதறும்போது கல்நார் இழைகள் காற்றில் கலக்கும். ஐஏஆர்சி உறுதி செய்த மீசோதீலியோமாவுக்கு முக்கியக் காரணமே கல்நார்தான். பல நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகி ஷீட்டாக விற்பனை ஆகிறது. இந்த நோய் தலைகாட்ட 30, 40 வருஷம் பிடிக்கும். 35 வயதில் பணியில் இருக்கும்போது உள்ளே போன இழை, 70 வயதில் மூச்சுத்திணறலாகத் திரும்பி வரலாம்.

இதயம் தாங்குமா?

புற்றுநோய் மெதுவாக வருவது. உடனே கொல்வது இதயம். அமெரிக்காவில் பணியின்போது இறந்த வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேர் இதய நோயால் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007-ல் எழுதினார்கள். ஒரு வருஷத்தில் தீயை அணைக்கும் நேரம், மொத்த வேலை நேரத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இதய மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. அழைப்பு வந்து வண்டியில் ஏறி ஓடும் நேரத்திலும் ஆபத்து கூடுகிறது. மணி அடித்ததும் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடினால் இதயம் என்ன பாடுபடும் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே.

ஏன் இப்படி என்று எடின்பரோ பல்கலைக்கழகம் 2017-ல் ஒரு விளக்கம் தந்தது. நல்ல ஆரோக்கியமான, சிகரெட் பழக்கம் இல்லாத 19 வீரர்களைப் பயிற்சித் தீக்குள் அனுப்பிச் சோதித்தார்கள். உடல் வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி கூடியது. ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் குறைந்தது. ரத்தம் எளிதில் உறைந்து கட்டியாகும் தன்மைக்குப் போனது. இது குளிர் நாட்டில். கோட், பூட்ஸ், சிலிண்டர் எல்லாம் சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல். கரிசல் காட்டில் மத்தியான வெயிலில் நிழலே இல்லாத இடத்தில் அதைச் சுமப்பவருக்குத் தீயின் சூடு வருவதற்கு முன்பே வெயில் பாதியை எடுத்துவிடும். நிழல், தண்ணீர், முறை வைத்து ஓய்வு. இவை சொகுசு இல்லை, இதயத்துக்கான பாதுகாப்பு.

தீ இல்லாத அழைப்புகளும் இருக்கின்றன. கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் பாம்பு, மரத்தில் கதண்டு கூடு என்று எல்லாவற்றுக்கும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். பயன்படுத்தாத ஆழமான கிணற்றில் ஆக்சிஜன் குறைந்து வேறு வாயு தேங்கியிருக்கும். ஒருவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி இருவருமே மயங்குவது இப்படித்தான்.

எண்ணினால்தான் தெரியும்

இந்த ஆபத்தெல்லாம் எப்படி வெளியே வந்தது? யாரோ உட்கார்ந்து எண்ணினார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களில் 1950 முதல் 2009 வரை வேலை பார்த்த சுமார் 30,000 வீரர்களின் பதிவேடுகளை எடுத்து, யாருக்கு என்ன நோய் வந்தது என்று பார்த்தது. புற்றுநோய் வருவது 9 சதவீதமும், அதனால் இறப்பது 14 சதவீதமும் பொதுமக்களைவிட அதிகம். மீசோதீலியோமா இரண்டு மடங்கு. அறுபது வருஷத்துப் பழைய ஊழியர் பதிவேடும் புற்றுநோய்ப் பதிவேடும் இருந்ததால்தான் இது முடிந்தது. 2023-ல் அந்த நாடு தீயணைப்பு வீரர்களுக்கென்றே தனிப் புற்றுநோய்ப் பதிவேட்டையும் திறந்துவிட்டது.

எண்ணிக்கை கையில் இருந்தால் சட்டம் மாறும். கனடாவின் மானிடோபா மாகாணம் 2002-லும், ஆஸ்திரேலியா 2011-லும் ஒரு முக்கியமான வேலை செய்தன. ஆஸ்திரேலியச் சட்டப்படி 15 வருஷம் பணியாற்றிய வீரருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தால், வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். மூளைப் புற்றுநோய்க்கு 5 வருஷம், ரத்தப் புற்றுநோய்க்கும் 5 வருஷம். 'எந்தத் தீயில் இருந்து வந்தது, நிரூபி' என்று நோயாளியைக் கேட்க முடியாது. வேலையால் வரவில்லை என்று சொல்ல விரும்பினால் எதிர்த் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் தொழில்சார் நோய்ப் பட்டியல் உண்டு. அது ஈயம், பென்சீன், கல்நார் என்று பொருள்வாரியாகப் போகிறது. 'தீயணைப்பு வேலை' என்ற வரி அதில் இல்லை. பலவகைப் புகையை முப்பது வருஷம் கலந்து வாங்கியவர், அதில் எந்தப் பொருள் தன் நோய்க்குக் காரணம் என்று எப்படித் தனியாகப் பிரித்துக் காட்டுவார்?

அதனால்தான் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது. அழைப்பு வந்த நேரம், இடம், சேதம் பதிவாகிறது. அதோடு, யார் யார் புகைக்குள் போனார்கள், எத்தனை நிமிஷம், மாஸ்க் இருந்ததா, எரிந்தது பட்டாசு மருந்தா, பஞ்சா, ஆஸ்பெஸ்டாஸ் கூரையா என்று ஒவ்வொரு வீரரின் பெயரிலும் எழுதி வைத்தால் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். இன்று 28 வயதில் இருக்கும் வீரர் 60 வயதில் ஓய்வு பெற்றுப் போனபின், டாக்டரிடம் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்கும். பணியில் இருக்கும்போது மட்டும் இல்லாமல் ஓய்வுக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும் என்பது இதோடு சேர்ந்த கோரிக்கை. நோய் வருவதே அந்த வயதில்தானே.

உடனே செய்யக்கூடியது என்ன?

அமெரிக்க ஆய்வு ஒன்றில், தீ அணைந்த இடத்திலேயே பாத்திரம் கழுவும் சோப்பு, தண்ணீர், பிரஷ் வைத்துக் கோட்டைத் தேய்த்ததில், படிந்திருந்த பிஏஎச் 85 சதவீதம் போய்விட்டது. கழுத்தை ஈரத் துணியால் துடைத்ததில் தோலில் இருந்தது 54 சதவீதம் குறைந்தது. கரி படிந்த கோட்டை வண்டியின் கேபினுக்குள் போடாமல் தனிப் பையில் கட்டுவது, நிலையத்துக்குப் போனதும் குளிப்பது, யூனிஃபார்மை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பது இவையும் அதே வரிசையில் வருகின்றன. கரி அப்பிய கோட்டும் ஹெல்மெட்டும் வீரத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்ட காலம் எல்லா நாட்டிலும் இருந்தது. இப்போது அதை அழுக்கு என்றுதான் பார்க்கிறார்கள்.

பொதுமக்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. 101 அல்லது 112-க்கு அழைக்கும்போது 'தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க' என்பதோடு நிறுத்திவிடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பட்டாசு மருந்தா, பஞ்சா, உரமா, பூச்சிமருந்தா, எத்தனை சிலிண்டர், கரண்டை நிறுத்தியாச்சா, கூரை என்ன ஷீட் என்பதெல்லாம். அனுமதி இல்லாமல் வைத்திருந்த சரக்காக இருந்தாலும் அந்த நேரத்தில் மறைக்கக் கூடாது; உள்ளே போகிறவர் தண்ணீர் எடுப்பதா மணல் எடுப்பதா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. செல்போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் வீடியோ எடுப்பவர்கள் முதலிப்பட்டியை நினைத்துக்கொண்டு தள்ளி நிற்கலாம். தீ அடங்கிய பின் வீரர்கள் முகம் கழுவத் தண்ணீர் கேட்டால், ஒரு குடம் தண்ணீரோடு ஒரு சோப்பும் கொடுங்கள்.